உம்மம்மாவின் விளக்கு ஏன் தாமதித்தது?

சென்ற வருடம் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த காக்கா, உம்மம்மாவின் அறைக்கென்று வைஃபையில் இயங்கும் ஒரு மின்குமிழும் ஒரு சிறிய பொத்தானும் கொண்டு வந்தார். பொத்தானைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினோம். எழும்பிச் சுவர்வரை நடக்காமல், படுத்தபடியே விளக்கை எரிக்கலாம். முழங்கால் வலியுள்ள உம்மம்மாவுக்கு இதைவிட நல்ல அன்பளிப்பு ஏது என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. விளக்கு சில நேரம் உடனே எரியும். சில நேரம் நாலைந்து விநாடி கழித்து எரியும். சில நேரம் எரியவே எரியாது. “என்ன புள்ள, இந்த லைட்டு கொழும்புக்குப் போயிட்டா வருது?” என்று உம்மம்மா கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

ஒரு நாள் பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழ எழும்பியவர் பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் வரவில்லை. மறுபடியும் அழுத்தினார். வெளிச்சம் ஒரு கணம் வந்து அணைந்தது. இருட்டிலேயே இறங்கி நடந்தவர் கதிரையில் கால் தடுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் கணுக்கால் வீங்கி மூன்று வாரம் கட்டிலோடு இருந்தார். அதன்பிறகு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். ஒரு கொப்பியை எடுத்து, விளக்கு எப்போது தாமதிக்கிறது, எப்போது உடனே எரிகிறது என்று எழுதத் தொடங்கினேன். அப்படி அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே பகிர்கிறேன். இப்போது நம் ஊர்களில் பல வீடுகளில் வைஃபை சுவிட்ச், கமரா, குளிரூட்டிக் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஏதாவது ஒன்று இருக்கிறது. சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

கட்டளை போகும் வழி

சாதாரண சுவிட்சில் விரலுக்கும் விளக்குக்கும் இடையில் ஒரு செம்புக் கம்பி மட்டுமே இருக்கிறது. வைஃபை பொத்தானின் கதை வேறு. பொத்தானை அழுத்தியதும் கட்டளை வீட்டு ரவுட்டருக்குப் போகும். அங்கிருந்து இணையம் வழியாக, விளக்கைச் செய்த நிறுவனத்தின் சேவையகக் கணினிக்குப் போகும். அது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும். அந்தக் கணினி ‘எரி’ என்று சொல்ல, அந்தச் சொல் வந்த வழியே திரும்பி ரவுட்டருக்கும், அங்கிருந்து விளக்குக்கும் வர வேண்டும். எனவே உம்மம்மா கேலியாகக் கேட்டது பாதி உண்மை. கட்டளை கொழும்பையும் தாண்டிப் போய்த்தான் வருகிறது.

அப்படியானால் தாமதத்துக்குத் தூரம்தான் காரணமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். சேவையகம் ஐரோப்பாவில் இருந்து, கடலடிக் கேபிள் வழி 12,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும், போய்வர 24,000 கிலோமீற்றர். அதற்கு 0.12 விநாடி போதும். வழியிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் அரை விநாடியைத் தாண்டுவது அரிது. ஐந்து விநாடித் தாமதத்தைக் கடல்மீது சுமத்த முடியாது. பெரும்பாலும் பிழை, வீட்டுக்குள் இருக்கும் கடைசிப் பத்து மீற்றரில்தான் இருக்கிறது.

சுவரும் நீரும் இரும்பும்

1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையை ஏவித் தூரத்திலிருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அலை சுவரையும் கடந்து போகும் என்பது பார்த்தவர்களுக்குப் பெரும் வியப்பு. ஆனால் கடக்கும் ஒவ்வொரு சுவரும் அலையின் வலுவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

வீட்டு மின்குமிழ்களும் சுவிட்சுகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில் இயங்குகின்றன. அதன் அலைநீளம் சுமார் 12.5 சென்ரிமீற்றர். இந்த அலையை நீர் உறிஞ்சும். இரும்பு தெறிக்கச் செய்யும். சீமெந்துச் சுவர், அதற்குள் இருக்கும் கம்பி, இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, நீர்த்தாங்கி, மீன்தொட்டி எல்லாம் அதற்குத் தடைகள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே மீடிறனில், 2.45 கிகாஹேட்ஸில், வேலை செய்கிறது. அதிலிருந்து கசியும் சிறிதளவு அலைகூட, அடுப்பு ஓடும் நிமிடங்களில் வைஃபையைக் குழப்பப் போதும்.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. ஒரே வளவில் உம்மாவின் வீடு, சாச்சியின் வீடு, ராத்தாவுக்குக் கட்டிய வீடு என்று மூன்று வீடுகள் இருந்தால் மூன்று ரவுட்டர்கள் இருக்கும். எங்கள் கூடத்தில் நின்று தொலைபேசியில் பார்த்தபோது பதினொரு வைஃபை பெயர்கள் தெரிந்தன. வைஃபை கருவி பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும்; யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். இஷாவுக்குப் பிறகு எல்லா வீடுகளிலும் வீடியோ ஓடும்போது, ‘எரி’ என்ற சின்னஞ்சிறு கட்டளையும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

விளக்கு பிழைத்ததும் நாங்கள் முதலில் செய்ததெல்லாம் தவறு. ரவுட்டரை அணைத்துப் போட்டோம், செயலியை அழித்து மீண்டும் ஏற்றினோம், கடவுச்சொல்லை மாற்றினோம், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தோம். எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகுதான் ஆய்வுகூடத்தில் செய்வதுபோல ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பத்துத் தடவை அழுத்தி, எத்தனை தடவை உடனே எரிந்தது என்று குறித்தேன்.

முதலாவது, சுவரிலுள்ள சுவிட்ச். வைஃபை மின்குமிழுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். பகலில் யாராவது பழக்கத்தில் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டால் எந்தப் பொத்தானாலும் அதை எரிக்க முடியாது. ‘எரியவே எரியாத’ நாட்களில் பாதி இதனால்தான் என்று கொப்பி காட்டியது. அணைத்தவர் வேறு யாருமல்ல, நான்தான்.

இரண்டாவது, பொத்தானை விட்டுவிட்டுத் தொலைபேசியிலிருந்து எரித்துப் பார்த்தேன். பற்றரியில் இயங்கும் வைஃபை பொத்தான் மின்னை மிச்சப்படுத்த உறங்கிக் கிடக்கும். அழுத்தினால்தான் விழித்து, ரவுட்டரோடு மீண்டும் இணைந்து, பின்பு பேசும். அதற்கே சில விநாடிகள் போகலாம். தொலைபேசியில் தாமதம் குறைந்தது, ஆனால் தீரவில்லை.

மூன்றாவது, தொலைபேசியின் வைஃபையை நிறுத்தி டேட்டாவில் முயன்றேன். அப்போதும் தாமதம். ஆகவே பிழை தொலைபேசிப் பக்கத்தில் இல்லை, விளக்குப் பக்கத்தில்.

நான்காவது, அதே மின்குமிழைக் கழற்றி ரவுட்டர் இருக்கும் கூடத்தில் பொருத்தினேன். பத்துக்குப் பத்தும் உடனே எரிந்தது. அறைக்குள் கொண்டுபோனால் மீண்டும் தாமதம். குற்றவாளி பிடிபட்டான். எங்கள் ரவுட்டர் கூடத்து மூலையில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால், தரையோடு தரையாக இருந்தது. உம்மம்மாவின் அறையோ இரண்டு சுவர் தாண்டிப் பின்புறம்.

ரவுட்டரை நடைவழியில் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு பலகையில் வைத்தோம். செலவு ஒன்றுமில்லை. பிறகு ரவுட்டர் அமைப்பில் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையைப் பார்த்தோம். 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தில் பலர் 6இல் இருந்ததால் நாங்கள் 1ஐத் தெரிவு செய்தோம். மாலை நேரத் தாமதமும் குறைந்தது.

இரண்டாவது அழுத்தம்

ஆனால் உம்மம்மா விழுந்ததற்குத் தாமதம் மட்டும் காரணமல்ல. எங்கள் பொத்தான், எரிந்தால் அணைக்கவும் அணைந்தால் எரிக்கவும் அமைக்கப்பட்டிருந்தது. முதல் கட்டளை வழியில் நிற்கும்போதே அவர் மறுபடி அழுத்தினார். முதலாவது வந்து எரித்தது; இரண்டாவது வந்து அணைத்தது. இருட்டில் இருப்பவர் மீண்டும் அழுத்துவது இயல்பு. எனவே ஒரு தரம் அழுத்தினால் ‘எரி’ மட்டும், நீண்ட நேரம் அழுத்தினால் ‘அணை’ என்று செயலியில் மாற்றினேன். இப்போது பத்துத் தரம் அழுத்தினாலும் விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

மின்சாரம் போய் வந்த பின்

2022இல் மணிக்கணக்கான மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் நாம் மறக்கவில்லை. மின்சாரம் திரும்பும்போது மின்குமிழ் உடனே விழிக்கும். ரவுட்டர் ஆயத்தமாக ஓரிரு நிமிடம் எடுக்கும். சில மலிவான கருவிகள் அதற்குள் தேடிக் களைத்து நின்றுவிடும். ரவுட்டர் முழுதாக இயங்கத் தொடங்கிய பின், கருவியை ஒருமுறை அணைத்து எரித்தால் போதும். ‘மின்சாரம் வந்ததும் எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலையா’ என்ற தெரிவும் செயலிகளில் உண்டு. முதியவர் அறைக்கு ‘எரிய வேண்டும்’ என்பதே நல்லது.

சில பழுதுகள் நம் கையில் இல்லை. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் அமேசன் நிறுவனத்தின் கணினி நிலையங்களில் ஏற்பட்ட கோளாறினால், உலகின் பல வீடுகளில் இத்தகைய கருவிகள் சொல் கேட்காமல் நின்றன. 2022 ஏப்ரலில் இன்ஸ்ரியோன் என்ற அமெரிக்க நிறுவனம் முன்னறிவிப்பின்றிச் சேவையகங்களை மூடியது. அதன் கருவிகளை வாங்கியவர்கள் திகைத்துப் போனார்கள். எனவே புதிதாக வாங்குபவர்கள், இணையம் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே கட்டளை ஏற்கும் கருவியா என்று கேட்டு வாங்குங்கள். 2022 ஒக்டோபரில் வெளியான ‘மற்றர்’ என்ற பொதுத்தரம் இதற்கு இடமளிக்கிறது. ‘சிக்பீ’ வகைக் கருவிகளும், ஏற்ற மையக் கருவி இருந்தால், வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மின்குமிழை மாற்றுவது, ரவுட்டரை நகர்த்துவது, செயலியைத் திருத்துவது எல்லாம் நாங்களே செய்யக்கூடியவை. சுவருக்குள் இருக்கும் சுவிட்சை மாற்றுவது அப்படியல்ல. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. சுவரில் பொருத்தும் வைஃபை சுவிட்சுகள் பலவற்றுக்கு நியூட்ரல், அதாவது நம் விஞ்ஞானப் புத்தகம் சொல்லும் நொதுமற் கம்பி, தேவை. பழைய வீடுகளின் சுவிட்ச்ப் பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது. நியூட்ரல் இல்லாத வகையைப் போட்டால் சிறிய எல்ஈடி விளக்கு அணைந்த பின்னும் மினுங்கலாம். உப்புக் காற்றில் கம்பி முனைகள் துருப்பிடிப்பதும் நமக்குத் தெரிந்ததே. இந்த வேலையைத் தகுதியான மின்பணியாளரிடமே கொடுங்கள்.

எல்லாம் சரியான பின்னும் வாப்பா ஒன்று செய்தார். மின்பணியாளரை அழைத்து, கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் சாதாரண சுவிட்ச் ஒன்றோடு ஒரு சிறு இரவு விளக்கைப் பொருத்தினார். அதற்கு ரவுட்டரும் வேண்டாம், சேவையகமும் வேண்டாம். காக்காவின் பொத்தானும் பக்கத்தில் ஒட்டியபடியே இருக்கிறது. உம்மம்மா இரண்டையும் பாவிக்கிறார். கட்டாரிலிருந்து காக்கா பேசும்போது மட்டும், “உன்ட லைட்டுத்தான் மகன் எரியுது” என்று சொல்லிவிடுவார்.