விரைவும் உறுதியும்

இல்லத்திற்கு இணையத் தொடர்பு பெறுவோர் முதலில் கேட்பது, "நொடிக்கு எத்தனை மெகாபிட்?" என்பதே. விளம்பரங்களும் அந்த ஓர் எண்ணையே பெரிதாக அச்சிடுகின்றன. அந்த எண் தொடர்பின் ஒரு பண்பை மட்டுமே காட்டும். அறுபடாமலும், பிழைபடாமலும், தாமதமின்றியும் நிற்கும் தன்மை மற்றொரு பண்பு. முன்னதை விரைவு என்றும், பின்னதை உறுதி என்றும் கூறலாம். இவ்விரண்டும் தனித்தனிப் பெட்டியிலிருந்து வருவன அல்ல. ஒரே முதலிலிருந்து எடுத்துச் செலவிடப்படுவன. முழுவதையும் விரைவிற்கே செலவிட்டவர்க்கு உறுதிக்கு ஒன்றும் எஞ்சாது.

2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, மலேசிய, சிங்கப்பூர் மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடம் கேட்டனர். அத்தகைய வகுப்பிற்கு நொடிக்குச் சில மெகாபிட் போதும். நூறு மெகாபிட் இருந்தாலும், இடையே ஐந்து நொடி தொடர்பு அற்றால், ஆசிரியர் கூறிய விளக்கம் அத்துடன் போயிற்று. திரைப்படம் பார்ப்பவர் இக்குறையை உணர்வதில்லை. படத்தின் அடுத்த பகுதி முன்னரே வந்து சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். உரையாடலுக்கு அவ்வழி இல்லை. இன்னும் பேசப்படாத சொல்லை எங்கிருந்து சேர்த்து வைப்பது?

ஷானன் வகுத்த எல்லை

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் 1948இல் ஓர் உண்மையை நிறுவினார். செய்தி செல்லும் எந்த வழிக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. அவ்வெல்லை இரண்டைப் பொறுத்தது: ஒன்று, அலைவரிசையின் அகலம், மற்றொன்று, குறிகையின் வலிமைக்கும் இரைச்சலின் வலிமைக்கும் உள்ள விகிதம். குறிகை என்பது செய்தியைச் சுமந்து வரும் அலை. இரைச்சல் என்பது அதனோடு வந்து கலக்கும் வேண்டாத அலை. எல்லைக்குள் நின்று அனுப்பினால், தக்க முறைகளால் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம். எல்லையை மீறினால் எம்முறையும் பயன் தராது.

சந்தை இரைச்சலில் பேசுவோர் சொற்களை நிறுத்தித் தெளிவாக உரைப்பதைக் காணலாம். விரைந்து பேசினால் கேட்பவர் "என்ன?" என்பார், மீண்டும் சொல்ல நேரும். இணையத்திலும் பிழைபட்ட செய்தித் துண்டு மீண்டும் அனுப்பப்படுகின்றது. துண்டுகள் தவறுவதைக் கண்டு அனுப்பும் கணினியும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆதலால், பிழை மலிந்த விரைவான தொடர்பைவிடப் பிழையற்ற மிதமான தொடர்பு வேலையை முன்னதாக முடித்துவிடுதலும் உண்டு.

செம்புக் கம்பியின் கணக்கு

தொலைபேசிக்கென இடப்பட்ட செம்புக் கம்பியில் இணையத்தைச் செலுத்தும் ஏ.டி.எஸ்.எல். முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேச்சொலிக்கு ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தை ஏ.டி.எஸ்.எல். பயன்படுத்துகின்றது. அவ்விடம் ஒவ்வொன்றும் சுமார் 4.3 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிறு வழிகளாகப் பகுக்கப்படும். தொடர்பு தொடங்கும்போது மோடம் ஒவ்வொரு வழியிலும் உள்ள இரைச்சலை அளந்து, அதற்கேற்பச் சுமை ஏற்றும். அமைதியான வழிக்கு 15 பிட் வரை ஏறும். இரைச்சல் மிக்க வழி வெறுமையாகவே விடப்படும்.

தாங்கும் அளவு முழுவதையும் மோடம் ஏற்றிவிடுவதில்லை. ஓரளவு ஒதுக்கி வைக்கின்றது. இவ்வொதுக்கு டெசிபெல் என்னும் அளவையால் கூறப்படும். 3 டெசிபெல் ஒதுக்கு இருந்தால், இரைச்சலின் ஆற்றல் இருமடங்கானாலும் தொடர்பு தாங்கும். 6 டெசிபெல் இருந்தால் நான்கு மடங்கைத் தாங்கும். 9 டெசிபெல் எட்டு மடங்கை. இப்பாதுகாப்பிற்கு விலை உண்டு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும், ஒவ்வொரு வழியிலும் ஏறத்தாழ ஒரு பிட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு வழியில் நொடிக்கு 4,000 முறை சுமை அனுப்பப்படுகின்றது. 200 வழிகள் இயங்கினால் இழப்பு நொடிக்கு 8 இலட்சம் பிட்.

நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. இங்கோ விளிம்பு வரை நிறைத்த குடமே தளும்புகின்றது. பகலில் அமைதியாக இருந்த கம்பியில் இரவில் இரைச்சல் மிகும். மத்திய அலை வானொலி இரவில் வான்மண்டலத்தில் எதிரொளித்து நெடுந்தொலைவு வருவதும், அதன் அலைவரிசை ஏ.டி.எஸ்.எல். பயன்படுத்தும் இடத்திலேயே அமைந்திருப்பதும் காரணம். இடி மின்னலும், பழுதான மின்கருவிகளும் திடீர் இரைச்சலை எழுப்பும். ஒதுக்கு கரைந்துவிட்டால் தொடர்பு அறும். மோடம் மீண்டும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கும்.

பிரிட்டனின் பட்டறிவு

பிரிட்டனில் 2006இல் பி.டி. நிறுவனம், ஒவ்வொரு கம்பியையும் அது தாங்கும் உச்ச அளவில், 8 மெகாபிட் வரை இயக்கும் முறையைக் கொணர்ந்தது. ஒதுக்கு 6 டெசிபெல் என்று தொடங்கும். முதல் 10 நாள் கம்பியின் இயல்பு அறியப்படும். பின்னரும் கண்காணிப்புத் தொடரும். தொடர்பு அடிக்கடி அறுந்தால் ஒதுக்கு 9, 12, 15 எனத் தானே உயரும், விரைவு குறையும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. விரைவு குறைந்ததைக் கண்ட வீட்டார் கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கினர். அடிக்கடி அவ்வாறு செய்தபோது, கம்பிதான் நிலையற்றது என்று கண்காணிக்கும் பொறி கொள்ள இடமாயிற்று. விரைவை வேண்டிச் செய்த செயலே விரைவைக் குறைத்தது. கருவியைச் சில நாள் தொடாமல் விட்டிருப்பதே மருந்தாயிற்று.

உறுதிக்கு வேறொரு வழியும் உண்டு. செய்தியைத் துண்டுகளாக்கி வரிசை மாற்றி அனுப்பினால், ஒரு நொடிப்பொழுது இரைச்சல் ஒரே பகுதியை முழுவதும் அழிக்காது. பல பகுதிகளில் சிறுசிறு பழுதாகச் சிதறும். அச்சிறு பழுதை, ரீடு, சாலமன் என்னும் இருவர் 1960இல் வெளியிட்ட குறிமுறை திருத்திவிடும். ஆனால், வரிசையை மீண்டும் ஒழுங்குபடுத்தக் காத்திருக்க வேண்டும். நொடியில் ஆயிரத்தில் பத்து இருபது பங்கு தாமதம் ஏற்படும். படிப்பவர் இதை உணரார். இணைய விளையாட்டில் போட்டியிடும் இளைஞர் உணர்வார்.

வீட்டிற்குள் அதே விதி

இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவின் பல பகுதிகளிலும் வீட்டு வாயில் வரை கண்ணாடியிழை வந்துவிட்டது. வானொலியும் மின்கருவியும் எழுப்பும் இரைச்சல் அதனுள் புகாது. ஆயினும் ஷானன் கண்ட விதி மறையவில்லை; வாயிலைக் கடந்து வீட்டிற்குள் வந்துவிட்டது. இழை முடியுமிடத்தில் வைஃபை தொடங்குகின்றது.

வைஃபை தடத்தின் அகலத்தை 20, 40, 80, 160 மெகாஹெர்ட்ஸ் என அமைக்கலாம். அகலம் இருமடங்கானால் உச்ச விரைவும் ஏறத்தாழ இருமடங்காகும். உள்ளே புகும் இரைச்சலும் இருமடங்காகும். அண்டை வீட்டாரின் தடத்தோடு மோதவும் நேரும். மேலும் கீழும் பக்கத்திலும் வீடுகள் நெருங்கிய அடுக்குமாடியில், குறுகிய தடமே பல வேளைகளில் உறுதியானது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடம் மிகுதி. ஆனால் அது கான்கிரீட் சுவர்களில் விரைவில் தேயும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து செல்லும். ஆனால் அங்கே நெரிசல் மிகுதி. மேசையை விட்டு நகராத கணினிக்குக் கம்பி இணைப்பே சிறந்தது.

ஆதலால், எத்தனை மெகாபிட் என்னும் கேள்விக்கு முன், வீட்டில் நடைபெறும் பணி யாது என்னும் கேள்வி எழ வேண்டும். பெரிய கோப்புகளை இறக்குவோர் விரைவை நாடலாம். பாடம் கேட்கும் பிள்ளையும், மருத்துவரோடு திரைவழிப் பேசும் முதியவரும் உள்ள வீட்டிற்கு உறுதியே முதன்மை. தொடர்பை ஒருமுறை அளந்து அமைவதும் போதாது. ஊரெல்லாம் இணையத்தில் இருக்கும் மாலை வேளையில், சில நாள் தொடர்ந்து அளந்து பார்த்தல் வேண்டும். ஒதுக்கி வைத்த சிறு பகுதி வீணன்று. இரைச்சல் மிகும் வேளையில் பாடத்தை அறுபடாமல் காப்பது அதுவே.