தாமதத்தின் தயவு

நோட்டன் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்வழி இறங்கும் நீர், 1950ஆம் ஆண்டு முதல் லக்சபானவில் மின்சாரம் பிறப்பித்து வருவதை ஹட்டன் வாசிகள் நன்கறிவர். அங்கே வேண்டுமளவு நீரை விடுவதும், வேண்டாதபோது வாயிலை அடைப்பதுமே சக்தியை அடக்கும் உபாயம். அணு உலையோ முற்றிலும் வேறான பிரகிருதி: பல மாதங்களுக்குப் போதிய எரிபொருள் முழுவதும் அதன் வயிற்றிலேயே நிறைந்து கிடக்க, அதில் எவ்வளவு எரியவேண்டும் என்பதை நியூத்திரன் எனும் நுண்துகள்களே நிர்ணயிக்கின்றன.

யுரேனிய அணுவொன்று பிளவுறும்போது வெளிப்படும் இரண்டு மூன்று நியூத்திரன்களில் சராசரியாக ஒன்று மட்டும் இன்னோர் அணுவைப் பிளக்க, எஞ்சியவை கட்டுப்பாட்டுக் கோல்களாலும் பிறவாற்றாலும் ஒழியுமாயின் உலை சமநிலையில் நிற்கும். அந்த ஒன்று அற்பமாகக் கூடினாலும் சக்தி பெருகத் தொடங்கும். ஒரு தலைமுறை நியூத்திரனுக்கும் அடுத்ததற்கும் இடையே விநாடியின் ஆயிரத்திலொரு பங்கோ, அதனினும் குறைவோதான் கழிகிறது என்கையில், எந்த யந்திரம் அவ்வோட்டத்தை எட்டிப் பிடிக்கும்? நல்லவேளையாக, யுரேனியம்-235 தரும் ஆயிரம் நியூத்திரன்களில் ஆறேழு மட்டும், பிளவுத் துண்டுகளின் சிதைவிலிருந்து, விநாடிக்கும் குறைந்த நேரம் முதல் ஒரு நிமிடத்துக்கு மேலும் தாமதித்தே பிறக்கின்றன. இத்தாமதப் பிள்ளைகள் வந்து சேர்ந்தாலன்றித் தொடர்வினை நிறைவுறாதபடி உலையை வைத்திருக்கும்வரை, சக்தியின் ஏற்றமும் அவற்றின் நிதான நடைக்கு உட்பட்டே நிகழும். அணுமின் தொழில் முழுவதும் இச்சொற்பத்தின் தயவில் நடப்பதென்பது என் துணிபு.

அத்தயவை இழந்த உலையின் கதி, 1961 ஜனவரி 3ஆம் திகதி அமெரிக்காவின் ஐடஹோவில் வெளிப்பட்டது. 3 மெகாவாட் வெப்பத்துக்கென அமைந்த எஸ்.எல்-1 எனும் சிற்றுலையின் நடுக்கோல் ஏறக்குறைய அரை மீற்றர் மேலே இழுக்கப்பட, விநாடியின் ஆயிரத்தில் நான்கு பங்குக்குள் சக்தி சுமார் 20,000 மெகாவாட்டை எட்டிற்று, மூவர் மாண்டனர். 1986இல் செர்னோபிலில் நிகழ்ந்ததோ இன்னும் விபரீதம்: உலையை நிறுத்தவென இறக்கிய கோல்களே, அவற்றோடு இணைந்திருந்த கிராபைட் பகுதிகள், நியூத்திரன்களை உறிஞ்சும் கீழ்ப்புறத்து நீரை விலக்கியமையால், தொடக்கத்தில் பெருக்கத்தைத் தூண்டிவிட்டன.

நமது அயலிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2004 மார்ச் 10ஆம் திகதி, குஜராத் மாநிலத்துக் காக்ரபார் மின்னிலையத்தின் முதல் உலையில் சக்தியை ஒழுங்காக்கும் அமைப்பு செயலிழந்து, முக்கால் அளவில் ஓடிய உலை தானாகவே முழு அளவை நெருங்கிற்று. இங்கே ஏற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. ஆகவே, ஒழுங்காக்கும் அமைப்பைச் சாராது தனித்தியங்கும் பாதுகாப்பு அமைப்பு குறுக்கிட்டு உலையை நிறுத்துவதற்கு அவகாசம் இருந்தது. ஏழு படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில் அந்நிகழ்ச்சி இரண்டாம் படியில் வைக்கப்பட்டது.