அக்கரைச் சீமையில் எஞ்சினீயர் உத்தியோகம்! பட்டம் மட்டும் போதுமா?

மாலை 6 மணிக்கு திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும். சாலை ஓரத்து டீக்கடைகளில் வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள்.

அவர்கள் எதைப்பற்றிப் பேசுகிறார்கள்?

முதலில் கிரிக்கெட். அடுத்தது சினிமா. அதற்கும் அடுத்தபடியாக விசா!

"என்னப்பா, இன்டர்வியூ என்ன ஆச்சு?"

"பாஸ் ஆயிட்டேன் அண்ணே. சர்ட்டிபிகேட்டுக்கு முத்திரை வாங்கணுமாம்."

"அதுக்கு எவ்வளவு கேட்கிறான்?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகியவை தொழிற்சாலைகள் நிறைந்த இடங்கள். லாரி, பஸ் செய்யும் அசோக் லேலண்டு எண்ணூரில் இருக்கிறது. மணலியில் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அனல் மின் நிலையம் இருக்கிறது. எண்ணூரில் 2001-ம் ஆண்டு தொடங்கிய துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம் என்ற பெயரில் நடக்கிறது.

இங்கே கொதிகலன் பக்கத்தில் நின்று வேலை கற்றவனுக்கு அரபு நாட்டு எண்ணெய் ஆலை புதிது அல்ல. குழாய் அதே குழாய்தான். அனல் அதே அனல்தான். சம்பளம்தான் வேறு!

வெள்ளைக்கார எஞ்சினீயர்

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. அக்கரையில் இருந்து எஞ்சினீயர்கள் இங்கே வேலைக்கு வந்தார்கள்.

சென்னைத் துறைமுகத்தை இன்றைய உருவத்துக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் அயர்லாந்துக்காரர். இந்தியாவில் ரெயில்வேயில் வேலை பார்த்தவர். 1904-ம் ஆண்டில் துறைமுகப் பொறுப்புக்கு வந்தார். 1919 வரை இருந்தார்.

அப்போது துறைமுகத்தின் வாசல் கிழக்குப் பக்கம் இருந்தது. புயல் அடித்தால் அலை நேராக உள்ளே புகுந்துவிடும். மணலும் வந்து சேரும். அந்த வாசலை அடைத்துவிட்டு, வடகிழக்கில் புதிய வாசல் அமைத்தார்கள்.

ஸ்பிரிங் துரையிடம் "உமது பட்டத்துக்கு முத்திரை எங்கே?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்பார்களா? ஆட்சியே அவர்களுடையது!

சுதந்திரம் வந்த பிறகும் வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வந்தது. இங்கிலாந்து நாட்டு என்பீல்டு மோட்டார் சைக்கிளை 1955-ம் ஆண்டு முதல் சென்னையிலேயே பூட்டத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் கதை முடிந்துவிட்டது. இங்கே இன்னும் நடக்கிறது.

இப்போது நம் பிள்ளைகள் அக்கரைக்குப் போகிறார்கள். அவர்களிடம் எல்லாக் கேள்வியும் கேட்கிறார்கள்.

குவைத்தில் விழுந்த இடி

2018-ம் ஆண்டு மார்ச் மாதம். குவைத் நாட்டில் ஒரு உத்தரவு வந்தது.

வெளிநாட்டு எஞ்சினீயர்கள் அங்கே தங்குவதற்கு 'இக்காமா' என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். "இனிமேல் குவைத் எஞ்சினீயர்கள் சங்கத்தின் ஒப்புதல் கடிதம் இருந்தால்தான் எஞ்சினீயரின் சீட்டைப் புதுப்பிப்போம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சங்கம் என்ன சொன்னது? "இந்தியப் பட்டமா? அப்படியானால் உங்கள் நாட்டு தேசிய அங்கீகார வாரியம் ஒப்புக்கொண்ட படிப்பாக இருக்க வேண்டும்" என்றது.

இந்த வாரியத்தை என்.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். பலருக்கு அதன் பெயரே அன்றுதான் காதில் விழுந்தது!

குவைத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். பாலம் கட்டியவர்களும், எண்ணெய்க் குழாய் பதித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. படித்த படிப்புக்கு வாரியத்தின் அங்கீகாரம் இல்லை. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள்கூட மாட்டிக்கொண்டார்கள். நாட்டிலேயே பெரிய கல்லூரிகளான அவை, "எங்களுக்கு எதற்கு அங்கீகாரம்?" என்று வாரியத்திடம் விண்ணப்பிக்காமலே இருந்தன. வாரியம் பிறந்ததே 1994-ம் ஆண்டில்தான். அதற்கு முன்பு பட்டம் வாங்கியவர் எங்கே போவார்?

சிலருடைய கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. சீட்டில் 'எஞ்சினீயர்' என்று இருந்ததை அழித்து வேறு உத்தியோகப் பெயரைப் போட்டன. வேலை தப்பியது. பெயர் போயிற்று. ஊரில் பெண் வீட்டாரிடம் "மாப்பிள்ளை எஞ்சினீயர்" என்று சொல்லிக் கல்யாணம் செய்தவர், சீட்டில் மேற்பார்வையாளராக நின்றால் மனம் எப்படி இருக்கும்!

இந்திய அரசாங்கம் குவைத் அரசாங்கத்துடன் பேசியது. பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

கல்லூரிக்கா, படிப்புக்கா?

இங்கேதான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

"எங்கள் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு" என்று விளம்பரப் பலகையில் எழுதி இருக்கும். ஆனால் என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்குத் தரப்படுவது அல்ல. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவுக்கு இருக்கலாம், சிவில் பிரிவுக்கு இல்லாமல் இருக்கலாம்.

அதுவும் நிரந்தரம் அல்ல. சில ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள். பிறகு மீண்டும் வாங்க வேண்டும். பையன் படித்த காலத்தில் அங்கீகாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இன்னொரு சங்கதியும் உண்டு. வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. 1989-ம் ஆண்டில் தோன்றியது. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் அதில் இருக்கின்றன. "உன் நாட்டு எஞ்சினீயர் படிப்பை நான் மதிக்கிறேன், என் நாட்டுப் படிப்பை நீ மதி" என்பதுதான் ஒப்பந்தம். 2014-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவும் முழு உறுப்பினர் ஆனது.

ஆனால் என்.பி.ஏ. அங்கீகாரத்தில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரியது. அதற்கு மட்டும்தான் வாஷிங்டன் ஒப்பந்தம் செல்லும். மற்ற கல்லூரிகள் பெறும் இரண்டாவது வகைக்குச் செல்லாது. கல்லூரியில் பணம் கட்டும் முன்பு இதைக் கேட்கும் தகப்பனார்கள் எத்தனை பேர்? பஸ் வசதியைக் கேட்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டைக் கேட்கிறார்கள். இதைக் கேட்பதில்லை. வாரியத்தின் இணையதளத்தில் கல்லூரி வாரியாகப் பட்டியலே இருக்கிறது. செல்போனிலேயே பார்க்கலாம்.

நாட்டுக்கு ஒரு சட்டம்

சவூதி அரேபியாவில் எஞ்சினீயர் கவுன்சில் இருக்கிறது. அதில் பதிவு செய்யாமல் எஞ்சினீயர் என்ற பெயரில் வேலை பார்க்க முடியாது.

கனடாவில் எஞ்சினீயராகத் தானே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட உரிமம் தேவை. உரிமம் வேண்டுமானால் கனடாவிலேயே ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. வேலைக்கு அனுபவம் கேட்கிறார்கள், அனுபவத்துக்கு வேலை வேண்டும். பழைய கதைதான்! ஒண்டாரியோ மாகாணம் 2023-ம் ஆண்டு மே மாதம் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

ஜெர்மனி கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 'வாய்ப்பு அட்டை' என்ற முறையைக் கொண்டுவந்தது. படிப்பு, அனுபவம், வயது, மொழி அறிவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 6 மதிப்பெண் இருந்தால் அங்கே போய் ஓராண்டு தங்கி வேலை தேடலாம். செலவுக்குக் கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஆரம்ப நிலை ஜெர்மன் மொழியோ, நல்ல ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் தொழிற்சாலைக்குள் பேச்செல்லாம் ஜெர்மன் மொழிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்பா பெயரால் வரும் வம்பு

தமிழனுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. அதுதான் இனிஷியல்!

பள்ளிச் சான்றிதழில் 'கே. முருகன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'முருகன்' ஒரு கட்டத்திலும், 'கந்தசாமி' இன்னொரு கட்டத்திலும் இருக்கும். பட்டத்தில் 'முருகன் கே.' என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அக்கரை அதிகாரிக்கு மூன்று ஆள்! அவர் கந்தசாமியைக் கூப்பிட, முருகன் பேசாமல் உட்கார்ந்திருப்பான்.

சிரிக்கிற விஷயம் அல்ல. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று துபாய், அபுதாபி அடங்கிய அமீரக நாடு 2022-ம் ஆண்டு நவம்பரில் அறிவித்தது. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். எல்லாத் தாள்களிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்குவதற்குச் சரியான நேரம், வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பு. விசா வந்த பிறகு ஓடினால் வேலை காத்திருக்காது.

முத்திரைக்கு எவ்வளவு?

டீக்கடைக் கேள்விக்கு வருவோம்.

பட்டத்தை முதலில் மாநில அரசாங்கம் சரிபார்க்க வேண்டும். பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம் 'அப்போஸ்டில்' என்ற முத்திரை கொடுக்கும். இதற்கு அமைச்சகம் வாங்கும் கட்டணம் ஒரு தாளுக்கு ரூ.50. விண்ணப்பத்தை வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குவைத் போன்ற சில நாடுகள் அப்போஸ்டில் ஏற்பாட்டில் இல்லை. அந்த நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இடையில் நிற்கும் ஆசாமிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

ஏஜெண்டுகள் கதை இதைவிடப் பெரியது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசாங்கத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் ரூ.30 ஆயிரம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வரி மட்டும். ரசீது கொடுத்தே ஆகவேண்டும்.

ரூ.2 லட்சம், ரூ.3 லட்சம் என்று கேட்டால்? அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அக்காள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போகிறது. பையன் அந்தக் கடனை அடைப்பதற்கே இரண்டு வருடம் பாலைவனத்தில் வேலை பார்க்க வேண்டும்.

பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் அரசாங்கத்தின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவர் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் வைத்திருந்தாலும் பயன் இல்லை.

படித்த பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2022-ம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போனார்கள். கையில் வேலை விசா கிடையாது. அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மர் காட்டுப் பகுதிக்குக் கடத்தினார்கள். இன்டர்நெட்டில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்கு அடி, உதை! அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. மீட்கப்பட்ட தமிழ்நாட்டு வாலிபர்கள் அக்டோபரில் சென்னைக்குத் திரும்பினார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்களைக் குறிவைத்தே அந்த வலை விரிக்கப்பட்டது.

கிண்டியில் ஒரு ஆபீஸ்

தமிழ்நாடு அரசாங்கமே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. பெயர், அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலக வளாகத்தில் இருக்கிறது. எஞ்சினீயர்கள், டாக்டர்கள், நர்சுகள், வெல்டர்கள் எல்லோரும் அங்கே பதிவு செய்துகொள்ளலாம். ராயபுரத்தில் இருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம்.

அங்கே போகிறவர்கள் பட்டம், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் ஆகியவற்றுடன் அனுபவச் சான்றிதழையும் எடுத்துச் செல்ல வேண்டும். 'நல்லவர், ஒழுக்கமானவர்' என்று இரண்டு வரி எழுதிய சான்றிதழ் உதவாது. எந்த ஆலை, எந்த எந்திரம், எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினார் என்பதெல்லாம் கம்பெனித் தாளில் கையெழுத்துடன் இருக்க வேண்டும்.

வேலை ஒப்பந்தம் கைக்கு வந்ததும், உத்தியோகத்தின் பெயர் என்ன என்பதையும், விசாவிலும் அதே பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் விமானம் ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி பெட்டியில் போகட்டும். இன்னொன்று வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும்.