நெருக்கடிக் காலத்தில் கொடையாளர் உறவு: ஜொகூர்த் தமிழ் அறநிறுவனங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

அறநிறுவனம் ஒன்றின் வலிமையை அதன் வங்கிக் கணக்கில் உள்ள தொகையைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். ஆயினும், நெருக்கடி நேரும்போது அந்நிறுவனம் நிலைப்பதும் நிலைகுலைவதும், அடுத்த மாதமும் கொடுப்பதற்கு எத்தனை பேர் மனம் உவந்து இருக்கின்றனர் என்பதைப் பொறுத்தே அமைகின்றது. குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், கல்வி நிதி, தமிழ்ப்பள்ளிக்குத் துணைநிற்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றின் பணி நெருக்கடியிலும் நிற்பதில்லை. இல்லத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வேளை உணவு வேண்டும். வாடகையும் மின்கட்டணமும் செலுத்தப்பெற வேண்டும். தேவை மிகும் அதே வேளையில் வருவாய் குறைவதே இந்நிறுவனங்கள் எதிர்நோக்கும் சிக்கலாகும். கொடையாளரோடு உள்ள உறவை இத்தகைய காலத்தில் காத்துக் கொள்வது எவ்வாறு என்பதை, ஜொகூர் மாநிலத்தின் பட்டறிவையும் தமிழர் கொடை மரபையும் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

ஜொகூர் கண்ட இருவகை நெருக்கடிகள்

அண்மைக் காலத்தில் ஜொகூர் இருவேறு தன்மையுடைய நெருக்கடிகளைக் கண்டுள்ளது. முதலாவது வெள்ளம். 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் அடுத்தடுத்து ஏற்பட்ட பெருவெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய பகுதிகள் பெரிதும் பாதிப்புற்றன. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களுக்கு மாற்றப்பட்டனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் முதலிய மாவட்டங்கள் மீண்டும் நீரில் மூழ்கின. இத்தகைய நெருக்கடி கண்ணுக்குத் தெரிவது. அரிசியும் ஆடையும் பணமும் சில நாள்களில் வந்து குவிகின்றன. நீர் வடிந்ததும் கொடையும் வடிந்து விடுகின்றது. வெள்ளத்திற்கு வாரி வழங்கியவர், தாம் வழக்கமாக உதவும் இல்லத்திற்கு அவ்வாண்டு கொடுக்க இயலாமற் போவதும் உண்டு.

இரண்டாவது, 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் விளைந்தது. நம் சங்கங்கள் நிதி திரட்டும் வழிகளான நிதி விருந்து, கலை நிகழ்ச்சி, ஆண்டு மலர் விளம்பரம், கோயில் திருவிழாக் கூட்டம் ஆகிய அனைத்தும் மக்கள் ஒன்றுகூடுவதைச் சார்ந்தவை. அவை யாவும் ஒரே நாளில் அடைபட்டன. ஜொகூருக்கு மேலும் ஓர் இடர் இருந்தது. நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைத்துத் திரும்பியோர் இம்மாநிலக் கொடையாளருள் கணிசமானோர் ஆவர். எல்லை அடைபட்டதால் சிலர் வேலை இழந்தனர். சிலர் குடும்பத்தைப் பிரிந்து அங்கேயே தங்கினர். தரைவழிப் போக்குவரத்து 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்தான் பரவலாகத் திறக்கப்பட்டது. முதல்வகை நெருக்கடியில் கொடையாளர் நலமாக இருந்து பிறர் துன்புற்றனர். இரண்டாம் வகையிலோ கொடையாளரே துன்புற்றனர். இவ்விரண்டையும் ஒரே வகை வேண்டுகோளால் எதிர்கொள்ள இயலாது.

கல்வெட்டு மரபு காட்டும் நெறி

கொடையைக் காலங்கடந்து நிலைக்கச் செய்வது எப்படி என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கிற்கு ஆடுகள் அளிக்கப்பட்ட செய்தி மிகுதியாகக் காணப்படுகின்றது. ஒரு விளக்கிற்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது பரவலாக வழங்கிய அளவு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். மூத்தவையும் இறந்தவையும் ஈன்றவற்றால் ஈடுசெய்யப்பட்டு எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதனால் இவை ‘சாவா மூவாப் பேராடு’ என வழங்கப்பட்டன. முதல் அழியாமல் பயனை மட்டும் துய்க்கும் நிலைநிதிக் கோட்பாடு இதுவேயாகும்.

இங்கு நோக்கத்தக்கவை மூன்று: கொடையின் நோக்கம் தெளிவாகச் சுட்டப்படுதல், அளவு வரையறுக்கப்படுதல், கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பொறுப்பும் யாவரும் காணப் பதியப்படுதல். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான். கல்வெட்டைக் கொடையாளரின் புகழ்ப்பட்டயமாக மட்டும் கருதுதல் பொருந்தாது. அது பெற்றவரைக் கட்டுப்படுத்தும் கணக்கேடும் ஆகும்.

ஒரு வெள்ளியும் பத்து வெள்ளியும்

மலாயாவிலும் இந்நெறி புதுவடிவில் தொடர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றவிருந்த 1950களில், அங்குத் தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா என்னும் ஐயம் எழுந்தது. அவ்வேளையில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி என்னும் அளவில் மக்களிடம் வேண்டினார். செல்வர் சிலரிடம் பெருந்தொகை பெறுவதைவிடத் தோட்டத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் தத்தம் ஒரு வெள்ளியைத் தருவதற்குப் பொருள் மிகுதி. ஒவ்வொரு வெள்ளியும் ஒருவர் குரலாக நின்றது. 1956இல் துறை தோன்றியது. தமிழும் அங்கு நிலைபெற்றது.

அதற்குச் சில ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் என்னும் பெருநெருக்கடி வந்தது. தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட, தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழக்கும் நிலை உருவாயிற்று. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் செலுத்துமாறு தொழிலாளரை வேண்டினார். அவ்வாறு சேர்ந்த பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கம் அறநிறுவனமன்று. பங்குப்பணம் கொடையும் அன்று. எனினும், நெருக்கடியின் நடுவே எளியோரிடமிருந்து சிறுதொகையைத் தொடர்ந்து பெற இயலும் என்பதற்கு இது தக்க சான்று. வேண்டியவர் நேரில் வந்தார். பணம் எதற்கு என்பது தெளிவாக இருந்தது. தொகை செலுத்துவோரின் வருவாய்க்கு ஏற்றதாக இருந்தது.

இதற்கு மறுதலையான பாடத்தையும் தோட்டப்புறமே தருகின்றது. தோட்ட நிர்வாகம் ஒன்றையே நம்பியிருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டம் கைமாறியபோது தம் ஒரே புரவலரை இழந்தன. பெருங்கொடையாளர் ஒருவரை மட்டும் சார்ந்து நிற்கும் நிறுவனத்திற்கு அவருடைய நெருக்கடியே தன் நெருக்கடியாகிவிடும்.

உறவு காக்கும் நடைமுறைகள்

மேற்கூறியவற்றிலிருந்து இன்றைய நிறுவனங்களுக்குரிய சில நடைமுறைகளை வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, கொடையாளர் பதிவேடு. யார், எப்போது, எவ்வளவு, எந்நோக்கிற்காகக் கொடுத்தார் என்னும் விவரம் செயலாளர் ஒருவரின் நினைவிலோ கைப்பேசியிலோ மட்டும் இருத்தல் ஆகாது. பொறுப்பாளர் மாறும்போது உறவும் அறுந்துபோவது நம் சங்கங்களில் காணும் பொதுவான குறையாகும்.

இரண்டாவது, கேட்பதற்கு முன் நலம் வினவுதல். கொடையாளரே துன்புறும் காலத்தில் முதலில் செல்ல வேண்டியது வேண்டுகோள் அன்று, விசாரிப்பே. வருவாய் இழந்தவர் தம் மாதக் கொடையை நிறுத்திவைக்க விரும்பினால், அவரைப் பட்டியலிலிருந்து நீக்காமல், இயன்றபோது தொடரலாம் எனக் கூறி, நிறுவனச் செய்திகளைத் தொடர்ந்து அனுப்புதல் வேண்டும். மதிப்போடு விலக விடப்பட்டவர் மனக்கூச்சமின்றித் திரும்பி வருவார்.

மூன்றாவது, நிதிகளைப் பிரித்து வைத்தல். வெள்ளத்திற்கென வந்த பணம் வேறு, இல்லத்தின் அன்றாடச் செலவுக்குரிய பணம் வேறு. ஒரு நோக்கிற்கு வந்ததை மற்றொன்றுக்குப் பயன்படுத்த நேரின் கொடையாளரின் இசைவைப் பெறுதல் கடமை. நெருக்கடி இவ்விதிக்கு விலக்கு அளிப்பதில்லை.

நான்காவது, சேமநிதி. நற்காலத்தில் வரும் கொடையில் ஒரு பகுதியைச் சில மாதச் செலவுக்கு ஒதுக்கி வைப்பது கஞ்சத்தனம் ஆகாது. இதனைக் கொடையாளரிடம் வெளிப்படையாக விளக்கின் அவர்கள் ஏற்றுக்கொள்வர்.

ஐந்தாவது, சட்டநெறி. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிவுபெற்ற சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் தன் ஆண்டறிக்கையைப் பதிவதிகாரிக்கு அனுப்புதல் வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவின்கீழ் ஒப்புதல் பெற்ற நிறுவனத்திற்குப் பணமாகக் கொடுப்போர், சட்டம் விதிக்கும் வரம்புக்குள் வரிக்கழிவு பெறலாம். இவ்வொப்புதல் கணக்குகள் ஒழுங்காக இருத்தலை வேண்டுவது. நெருக்கடி வந்த பின்னர் இதற்கு விண்ணப்பிக்க முற்படுவது காலங்கடந்த செயலாகும்.

ஆறாவது, பெறுவோரின் மாண்பு. பிள்ளைகளின் வறுமையைப் படம்பிடித்துக் காட்டி இரக்கத்தைத் தூண்டுவது ஒருமுறை பணம் தரலாம். அப்பிள்ளை நாளை அதே ஊர்ப் பள்ளியில் பிறரோடு அமர வேண்டியவர் என்பதை மறத்தலாகாது.

கடிதமும் தமிழாசிரியரும்

நன்கொடைக் கடிதங்கள் பலவற்றைத் தமிழாசிரியர்களே எழுதித் தருகின்றனர். இக்கடிதங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே உள்ளது: கொடையின் பெருமையைக் கூறும் நீண்ட தொடக்கம், வள்ளல்களின் பெயர்ப்பட்டியல், இறுதியில் வங்கிக் கணக்கு எண். சென்ற முறை வந்த பணம் என்னவாயிற்று என்னும் செய்தி அரிதாகவே இடம்பெறுகின்றது. எடுத்துக்காட்டாக, ‘சென்ற ஆண்டு தாங்கள் வழங்கிய 120 ரிங்கிட், மாணவர் ஒருவரின் ஆறு மாதப் பேருந்துக் கட்டணத்திற்குப் பயன்பட்டது’ எனத் தொடங்கும் கடிதம், பாரியையும் ஓரியையும் அழைக்கும் கடிதத்தைவிட எளியது. கொடுத்தவர் மனத்தில் நிற்பதும் அதுவே.

இத்தகைய கடிதத்திற்கு மூன்று பத்திகள் போதும். முதற்பத்தி கணக்கைக் கூறும். இரண்டாம் பத்தி இன்றைய நிலையை, குறைகளையும் மறையாது, கூறும். மூன்றாம் பத்தி வரையறுத்த ஒரு தேவையையும் அதற்குரிய தொகையையும் கூறும். இடைநிலைப்பள்ளியில் அலுவல் கடிதம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை ஒரு பயிற்சியாகவும் அமைக்கலாம். நன்றியையும் கணக்கையும் ஒருங்கே எழுதப் பழகிய மாணவரே நாளைய சங்கச் செயலாளர் ஆவார்.

முடிவுரை

திருவள்ளுவர் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதலை வைத்துள்ளார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ஊரின் உறுப்பினர் என்னும் உணர்வு முதலில் அமைய, ஈகை அதன் பயனாக விளைகின்றது என இவ்வைப்பு முறைக்குப் பொருள் கொள்ளலாம். நெருக்கடிக் காலத்தில் மக்கள் கொடுக்க மறுப்பதில்லை என்பதற்கு ஜொகூர் வெள்ளமும் தோட்டத் துண்டாடலும் சான்றாகும். கொடுத்தது என்னவாயிற்று என அறியாதபோதே அவர்கள் மெல்ல விலகுகின்றனர். ஆகவே, நெருக்கடிக்கான ஆயத்தம் நெருக்கடியில் தொடங்குவதன்று. அமைதியான ஆண்டுகளில், பத்து ரிங்கிட் கொடுத்தவருக்கும் பத்தாயிரம் கொடுத்தவருக்கும் ஒரே நாளில் கணக்கு அனுப்பிய நிறுவனமே, இடர் வந்த நாளில் அவ்விருவர் கதவையும் தயக்கமின்றித் தட்ட முடியும்.