கூரைக் கடன்: எளியோர் வீடமைப்புத் திட்டமிடும் தொழில் பற்றிச் சில குறிப்புகள்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதலிரண்டையும் ஏழை ஒருவன் தன் அன்றாடக் கூலியைக்கொண்டு சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்ளலாம். மூன்றாவது அத்தகையதன்று. ஒரு வீட்டின் விலை அவனது பல்லாண்டு வருவாயை விழுங்கவல்லது. இவ்விடைவெளியை ஆராய்ந்து, நிலம், சட்டம், பணம், கட்டடப்பொருள் ஆகியவற்றை அவன் கைக்கு எட்டும்படி ஒழுங்குசெய்வதே எளியோர் வீடமைப்புத் திட்டமிடுவோர் தொழிலாகும். எம் மாணாக்கர் பலர் இதனைக் கட்டடக்கலையின் ஒரு கிளையென்றே எண்ணுகின்றனர்.

ஆயின், இத்துறையில் ஆலோசகராய்ப் பெரும்பெயர் எய்திய சார்ள்ஸ் ஏபிரம்ஸ் ஒரு வழக்கறிஞர். 1902இல் வில்னா நகரிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயோர்க் சேர்ந்து, பகலில் வேலைசெய்து இரவு வகுப்பிற் சட்டம் பயின்றவர். (வெளிவாரியாகப் பட்டம் பெற்ற என்போன்றோர்க்கு இச்செய்தி தனி உவகை தருவது.) 1934இல் நியூயோர்க் நகர வீடமைப்பு அதிகாரசபை தோன்றியபோது அதன் சட்ட ஆலோசகரானார். சேரியை அகற்றி எளியோர்க்கு வீடு கட்டும்பொருட்டுத் தனியார் நிலத்தை நட்டஈடு கொடுத்து எடுத்தல் பொதுநலப் பயன்பாடாகுமா என்பது அக்காலத்து வினா. ஆகும் என 1936இல் அம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரைபடம் எத்துணை அழகியதாயினும் நிலம் கிடையாவிடின் அதனாற் பயன் என்னை?

அவருடைய தொழிற்றிறன் நன்கு விளங்குவது அந்நாளிற் பொற்கரை எனப்பட்ட கானாவிலே. 1954இல் ஐக்கிய நாடுகள் அவை அங்கு அனுப்பிய குழுவில், அவரோடு பொறியியலாளர் விளாடிமிர் பொடியான்ஸ்கியும் கட்டடக்கலைஞர் ஒற்றோ கேனிக்ஸ்பேகரும் இருந்தனர். கேனிக்ஸ்பேகர் இந்திய அரசின் வீடமைப்புப் பணிப்பாளராயிருந்தவர். தில்லியில் எழுந்த முன்வார்ப்பு வீட்டுத் தொழிற்சாலை தோல்வியுற்றதைத் தம் அனுபவத்தில் அறிந்தவர். ஆதலின், ஆலையிற் செய்த வீடுகள் வறுமைக்கு மருந்தாகும் என அவர் எளிதில் நம்பியிரார்.

கிராமப்புறங்களில் அக்குழுவினர் கண்டவை கூரையின்றி நின்ற சுவர்கள். மண்ணுக்கு விலையில்லை, சுவரெழுப்ப உறவினரும் அயலாரும் உதவுவர். கூரைத் தகரம், மரம், கதவு, சாளரம் ஆகியவற்றுக்கோ ரொக்கப்பணம் வேண்டும். அப்பணம் சேரும்வரை கூரையில்லா மண்சுவர் மழைக்கு நில்லாது. முழுவீட்டுக்கும் கடன் கொடுப்பின் அதனைத் திருப்பிச் செலுத்துதல் குடியானவனால் இயலாது. ஆகவே கூரைக்கு மட்டும் கடன் வழங்குமாறு குழு பரிந்துரைத்தது. சுவரை அவன் முதலிற் கட்டி முடித்தல்வேண்டும். ஊரார் சங்கமாகக் கூடிக் கடனுக்குப் பொறுப்பேற்றல்வேண்டும். திரும்பிவரும் பணம் அடுத்தவன் கூரைக்குச் செல்லும். 'கூரைக் கடன்' என்று பெயர்பெற்ற இத்திட்டம் அந்நாட்டிற் செயற்படுத்தவும் பட்டது. குடும்பம் தானே செய்யக்கூடியது எது, செய்யவியலாதது எது என்று பிரித்தறிந்த அந்த நுட்பமே யான் வியப்பது.

அதே ஆண்டில் துருக்கிக்குச் சென்றபோது, பிறநாட்டு நிபுணரை வரவழைப்பதினும் உள்நாட்டினரைப் பயிற்றுதலே தக்கது என்றார் ஏபிரம்ஸ். 1956இல் அங்காராவில் எழுந்த மத்திய கிழக்குத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அவ்வாலோசனை ஒரு வித்தாயிற்று.

எம் நாட்டிலும் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம், சிறுகடன் வழங்கி, எதனை எவ்வாறு கட்டுவது என்னும் முடிவைப் பெரிதும் குடும்பத்தினரிடமே விட்டது. இத்துறையை நாடும் மாணாக்கர்க்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, நாட்டுத் திட்டமிடற் பிரிவு உண்டு. சட்டம், பொருளியல் பயின்றோரும் இதனுட் புகலாம்.

எனினும் கூரைக் கடன் எங்கும் செல்லுபடியாகும் என்று கொள்ளற்க. கானாக் குடியானவனுக்குச் சுவரெழுப்ப ஓரிடம் இருந்தது. மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளிலே தலைமுறை தலைமுறையாய் வாழ்வோருட் பெரும்பாலோர்க்குத் தாம் உறையும் நிலத்துக்கு உறுதி இல்லை. உறுதியில்லாதவிடத்து ஈடுவைத்துக் கடன் பெறுதலும் இல்லை; மேலும் ஓர் அறை கட்டவும் பிறர் இசைவு வேண்டும். ஆங்குச் செல்லும் திட்டமிடுவோன் நில அளவையாளரையும் சட்டமறிந்தவரையும் உடன்கொண்டே செல்லல்வேண்டும்; தகரத்தின் விலையை விசாரிப்பது அதன் பின்னரே.