ஊரறிந்த பூட்டு

2016-ஆம் ஆண்டின் முதல் பாதியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி கிராண்ட் ஜூரி, சிக்னல் என்ற செய்திச் செயலியை நடத்துபவர்களுக்கு ஓர் ஆணை அனுப்பியது. இரண்டு தொலைபேசி எண்களைக் குறிப்பிட்டு, அவற்றின் உரிமையாளர்களைப் பற்றிய விவரங்களைக் கேட்டது. ஓர் எண்ணுக்கு மட்டுமே சிக்னலில் கணக்கு இருந்தது. அதைப் பற்றி அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாகச் சர்வரோடு இணைந்த நாள். யாரோடு பேசினார், என்ன பேசினார் என்பதற்கெல்லாம் பதில் இல்லை. அந்த விவரங்கள் சிக்னலிடமே கிடையாது.

இவ்வளவு இறுக்கமாகப் பூட்டும் இந்தச் செயலியின் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதை நீங்களும் படிக்கலாம், உளவுத்துறையும் படிக்கலாம், திருடனும் படிக்கலாம். வழிமுறையை ஊரறியச் சொல்லிவிட்டால் ரகசியம் எப்படிக் காப்பாற்றப்படும் என்ற கேள்வி இயல்பாக எழும். 1883-இலேயே அகஸ்தே கெர்க்காஃப்ஸ் என்ற மொழியியலாளர் இதற்குப் பதில் எழுதிவிட்டார். எதிரியின் கையில் சிக்கினாலும் கெடுதல் நேராத வழிமுறையே நல்ல மறையாக்க வழிமுறை. ரகசியம் சாவியில் மட்டும் இருக்க வேண்டும். இப்படி நிரலைத் திறந்து வைக்கும் திறமூல மென்பொருளால் அந்தரங்கத்தைக் காக்க முடிவதன் அடிப்படை இதுதான்.

கேட்பவர் நடுவே ஒரு ரகசியம்

மீனாவும் அவள் அண்ணன் குமாரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். செய்திகளைப் பூட்டும் சாவியாக இருவருக்கும் பொதுவான ஒரு ரகசிய எண் வேண்டும். ஆனால் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு எண்ணையும் நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்கிறார். 1976-இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் 2, 13 என்ற இரண்டு எண்களை இருவரும் வெளிப்படையாகவே பேசி வைத்துக்கொள்கிறார்கள். மீனா 4 என்ற எண்ணையும் குமார் 5 என்ற எண்ணையும் மனத்துக்குள் நினைத்துக்கொள்கிறார்கள். மீனா நான்கு 2-களைப் பெருக்குகிறாள், 16 வருகிறது. 13-ஆல் வகுத்தால் மீதி 3. அதை அனுப்புகிறாள். குமார் ஐந்து 2-களைப் பெருக்குகிறான், 32 வருகிறது. 13-ஆல் வகுத்தால் மீதி 6. அவன் அதை அனுப்புகிறான்.

இப்போது மீனா தனக்கு வந்த 6-ஐ நான்கு முறை எழுதிப் பெருக்குகிறாள், 1296. 13-ஆல் வகுத்தால் மீதி 9. குமார் தனக்கு வந்த 3-ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்குகிறான், 243. 13-ஆல் வகுத்தால் மீதி 9. இருவர் கையிலும் ஒரே எண். ஒட்டுக்கேட்டவர் காதில் விழுந்தவை 2, 13, 3, 6 மட்டும். 9 என்ற எண் கம்பியில் போகவே இல்லை.

இவ்வளவு சிறிய எண்கள் என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சிக்னல் இதே கருத்தை நீள்வட்ட வளைவுகளின் கணிதத்தில், 77 இலக்கம் வரை நீளும் எண்களை வைத்துச் செய்கிறது. முன்னோக்கிக் கணக்கிட ஒரு கைப்பேசிக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். பின்னோக்கிப் போக இன்றைய கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் முடியாது. நாளை குவாண்டம் கணினிகள் வந்தாலும் தாங்க வேண்டும் என்பதற்காக 2023-இல் வேறு வகைக் கணக்கு ஒன்றையும் இதோடு சேர்த்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சாவி

ஒரே சாவியை மாதக்கணக்கில் வைத்திருந்தால், அது களவுபோகும் நாளில் பழைய பேச்சு அத்தனையும் வெளியே வந்துவிடும். ஆகவே சிக்னலுக்காக டிரெவர் பெரினும் மோக்ஸி மார்லின்ஸ்பைக்கும் வகுத்த வழிமுறை ஒவ்வொரு செய்திக்கும் புதுச்சாவி செய்கிறது; பயன்படுத்திய சாவியை அழித்துவிடுகிறது. மெக்கானிக் கையிலுள்ள ராட்செட் ஸ்பேனர் ஒரு பக்கம் மட்டுமே இறுக்குவதுபோல, இன்றைய சாவியிலிருந்து நாளைய சாவியைச் செய்ய முடியும், நேற்றைய சாவிக்குத் திரும்ப முடியாது. அதற்கு மேல், பதில் வந்து போகும்போதெல்லாம் மீனாவும் குமாரும் செய்த கணக்கு புதிய எண்களோடு மறுபடியும் நடக்கிறது. இன்றைய சாவியை ஒருவர் திருடினாலும் சில பரிமாற்றங்களுக்குள் அது செல்லாக்காசாகிவிடும்.

இந்த வழிமுறை உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கக்கூடும். வெளிப்படையாக எழுதப்பட்டிருந்ததால் 2016 ஏப்ரலில் வாட்ஸப் இதையே தன் பயனர்கள் அனைவருக்கும் கொண்டுவந்தது. அப்போதே அவர்கள் 100 கோடிக்கும் மேல். ஒரு சிறு குழு திறந்து வைத்த அறிவு உலகத்துக்கே காவலானது. திறமூலம் தரும் ஆகப்பெரிய கொடையாக நான் இதைத்தான் கருதுகிறேன். ஆனால் வாட்ஸப் செயலியின் நிரல் திறந்ததல்ல. பூட்டு ஒன்றே என்றாலும் கதவைச் சுற்றிப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை.

திறந்திருந்தால் போதுமா?

போதாது. யாராவது படிக்க வேண்டும். ஏராளமான இணையத்தளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல நிரலில் ‘ஹார்ட்பிளீடு’ என்ற ஓட்டை 2012 முதல் இருந்தது; 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. நிரல் எல்லோர் பார்வைக்கும் இருந்தது, பார்க்க ஆளும் பணமும்தான் இல்லை. ஆனால் சிக்னலின் வழிமுறையைப் பல்கலைக்கழக மறையாக்க ஆய்வாளர்கள் கணித முறைப்படி அலசிக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். அதோடு, வெளியிட்ட நிரலும் நம் கைப்பேசியில் இறங்கும் செயலியும் ஒன்றுதானா என்று ஆண்ட்ராய்டில் வெளியாரே ஒப்பிட்டுப் பார்க்க 2016-இலேயே வழி செய்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் செலவு உண்டு. விளம்பரம் போடாத, தகவல் விற்காத இந்தச் செயலியை 2018 முதல் லாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. வாட்ஸப்பின் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் அதற்கு 5 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார். பயன்படுத்துபவர்கள் தரும் நன்கொடையும் சேர்ந்துதான் வண்டி ஓடுகிறது. இலவசமாகக் கிடைப்பதற்கும் யாரோ உழைக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

மீனா கணக்கில் ஓர் இடம் பலவீனமானது. அந்த 6 குமாரிடமிருந்துதான் வந்ததா, அல்லது நடுவில் இருப்பவர் தன் எண்ணை நுழைத்துவிட்டாரா? இதற்காகவே ஒவ்வோர் உரையாடலுக்கும் சிக்னல் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்றைக் காட்டுகிறது. நேரில் சந்திக்கும்போது இருவர் கைப்பேசியிலும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை.

கைப்பேசிக்குத் திரைப்பூட்டு கட்டாயம் போடுங்கள். செய்தி வழியில் பூட்டியிருக்கிறது. உங்கள் திரையில் திறந்துதானே இருக்கிறது? கைப்பேசிக்குள்ளேயே புகும் உளவு மென்பொருளை எந்த மறையாக்கமும் தடுக்காது. எதிரில் இருப்பவர் திரையைப் படம் எடுப்பதையும் தடுக்காது. குறித்த நேரத்தில் தானே மறையும் செய்தி வசதியை வங்கிக் கணக்கு எண், ஆதார் நகல் போன்றவற்றை அனுப்பும்போது பயன்படுத்துங்கள். 2024 முதல் தொலைபேசி எண்ணை மறைத்துப் பயனர்பெயரை மட்டும் கொடுக்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டிய பெண்களுக்கு இது பெரிய நிம்மதி.

“என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. அம்மாவின் மருத்துவ அறிக்கை, மகளின் புகைப்படம், கடன் பேச்சு ஆகியவை குற்றமல்ல, ஆனாலும் ஊருக்கு உரியவை அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட இந்திய உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டம் தந்த உரிமையை அன்றாடம் கையில் பிடித்துக்கொள்ளக் கருவிகள் வேண்டும். கடவுச்சொற்களைப் பூட்டிய கோப்பாக உங்கள் கணினியிலேயே வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி, இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸ், கடிதமும் கணக்கும் எழுத லிப்ரேஆபிஸ் என்று திறமூலத்தில் நல்ல கருவிகள் நிறைய இருக்கின்றன.

எதை நிறுவினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். என்னைப் பற்றி இது எதை வைத்துக்கொள்கிறது? அது சொல்லும் பதில் உண்மைதானா என்று வெளியார் சரிபார்க்க வழி இருக்கிறதா? முதல் கேள்விக்கு எல்லா நிறுவனங்களும் இனிமையாகப் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய மென்பொருளுக்கே உங்கள் வீட்டுப் பேச்சைக் கொடுங்கள்.