அறையின் குறையும் கணிப்பொறியின் திருத்தமும்

விலை மிகுந்த ஒலிபெருக்கிகளைப் பொருத்திய பின்னரும், இல்லத்து ஹோம் தியேட்டரில் தாழ்ந்த ஒலிகள் அளவுமீறி முழங்குவதும், பேச்சு தெளிவின்றிக் குழம்புவதும் உண்டு. குறை பெரும்பாலும் கருவியில் இல்லை, அறையிலேயே உள்ளது. நேராக வரும் ஒலியுடன், சுவர், கூரை, தரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒலியும் நம் செவியை அடைகின்றது.

இத்துறையின் முன்னோடி வாலஸ் சபைன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஆவார். 1895-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தனது விரிவுரை மண்டபம் ஒன்றைச் சீர்செய்யும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. அங்கு எழுந்த ஒலி அடங்க ஐந்து வினாடிக்கும் மேலாயிற்று. ஆசன மெத்தைகளைப் பரப்பிச் சோதித்த அவர், மென்மையான பொருள்கள் ஒலியை உறிஞ்சி எதிர்முழக்கத்தைக் குறைக்கும் அளவைக் கணக்கிட்டார்.

தாழ்ந்த ஒலிகளின் இயல்பு வேறு. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அவை நிலையலைகளை உண்டாக்குகின்றன. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர். அறையின் நீளம் 5 மீட்டராயின், அவ்வேகத்தை நீளத்தின் இரு மடங்காகிய 10-ஆல் வகுக்க, வினாடிக்கு ஏறத்தாழ 34 அதிர்வுகள் எனக் கிடைக்கும். இவ்வதிர்வெண்ணில் சுவரோரம் ஒலி மிகுந்தும், அறையின் நடுவில் நலிந்தும் இருக்கும்.

இதனை அளந்தறியக் கணிப்பொறி பயன்படுகின்றது. அமரும் இடத்தில், செவியின் உயரத்தில், ஒலிவாங்கி ஒன்று வைக்கப்படுகின்றது. கணிப்பொறி 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை படிப்படியாக உயரும் ஒலியை எழுப்புகின்றது. அனுப்பிய ஒலியையும் வந்தடைந்த ஒலியையும் ஒப்பிட்டு, மேடு பள்ளங்களை வரைபடமாகக் காட்டுகின்றது. பின்னர், மேடான அதிர்வெண்களை முன்கூட்டியே தணித்து அனுப்புகின்றது. பல இடங்களில் அளந்து திருத்துவதே முறை; ஓரிடத்திற்கான திருத்தம் அடுத்த நாற்காலிக்குப் பொருந்தாமற் போகலாம்.

எனினும், இத்திருத்தத்திற்கு எல்லை உண்டு. மேடுகளைத் தணிப்பது எளிது. பள்ளங்களை நிரப்புவது அரிது. அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் ஒலியைக் கூட்டினால், அழிக்கும் அலையும் உடன் கூடும். பத்து டெசிபல் உயர்த்தப் பத்து மடங்கு திறன் தேவை. அதனால் ஒலிபெருக்கி பழுதடையவும் கூடும். வெற்றுச் சுவர்களின் எதிர்முழக்கத்தையும் கணிப்பொறி நீக்க இயலாது.

ஆதலின், முதலில் இருக்கையையும் ஒலிபெருக்கியையும் இடம் மாற்றிப் பார்த்தல் வேண்டும். அடுத்து, கம்பளம், கனத்த திரை, புத்தக அலமாரி ஆகியவற்றால் எதிரொலியைக் குறைத்தல் வேண்டும். எஞ்சிய குறையையே கணிப்பொறியிடம் விடுதல் தகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். ஒலிபெருக்கியில் 100 அதிர்வுகள் கொண்ட ஒலியை எழுப்பி, மாணவர்களை மெல்ல நடக்கச் செய்தால், ஒலி ஓங்குவதையும் ஒடுங்குவதையும் தம் செவியாலேயே உணர்வர். வெற்று வகுப்பறையிலும், மாணவர் நிறைந்த வகுப்பறையிலும் ஒருமுறை கைதட்டிக் கேட்பின், சபைன் கண்ட உண்மையும் விளங்கும்.